முதன்மைச் சான்று நோரீன் ஸ்டுப்கா

கார்விக் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கவியல் துறையில் நான் இருபத்திரண்டு வருடம் அலுவலகச் செயலாளராக இருந்தேன். அமெரிக்காவில், அமெரிக்கர்களுக்கு, அமெரிக்கா என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கும் துறை அது. ஒஹாயோவில் இப்படி ஒரு துறை எதற்கு என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள். துறைத்தலைவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். துறைத்தலைவர் அதை ஆராய ஒரு குழு அமைத்தார். குழு இன்னும் கூடவில்லை.

பதினோரு பேராசிரியர்கள், ஒரு நகலெடுக்கும் இயந்திரம், நான். இதில் இயந்திரமும் நானும் மட்டும் தினமும் வருவோம்.

ஆகஸ்டுக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை நோரீன் ஸ்டுப்கா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். நாற்பத்தெட்டு வயது. ஊரிலிருந்த துணி துவைக்கும் இயந்திரத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் மூடிக்குக் கீல் மாட்டியவள். இரண்டு வருடத்துக்கு முன் தொழிற்சாலை எல்லை தாண்டிப் போய்விட்டது. கீல் மாட்டியவர்களைக் கல்லூரிக்கு அனுப்ப மாநில அரசு ஒரு திட்டம் போட்டது. நோரீன் இருபது வயதில் பாதிப் படிப்பை முடித்து, பிள்ளை உண்டானதும் விட்டவள். மீதிப் பாதிக்காக வந்திருந்தாள்.

"எதுக்கு அமெரிக்கவியல் எடுத்தீங்க?" என்று கேட்டேன். படிவத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் உண்டு.

"அக்கவுன்டிங் நெறஞ்சுபோச்சாம். லிஸ்ட்ல அடுத்தது இதுதான். அதுவுமில்லாம, இங்கயே பொறந்து இங்கயே வளந்தவ, பாதியாவது தெரிஞ்சிருக்கும்ல?"

"இங்க அதுதான் பெரிய கஷ்டம்" என்றேன். அன்று அதை வேடிக்கைக்குத்தான் சொன்னேன்.

அவளுக்கு உண்மையான காரணம் ஒன்று இருந்தது. கவுன்டி உயர்நிலைப் பள்ளியின் நூலகத்தில் தற்காலிகமாக வேலை பார்த்துவந்தாள். புத்தகம் அடுக்குவது, பிள்ளைகளுக்குத் தேடிக் கொடுப்பது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பட்டம் வாங்கினால் நிரந்தரம். அடுத்த வருடம் முடிந்து வரும் ஜனவரி வரை அந்த இடத்தைப் பிடித்துவைப்பதாகத் தலைமையாசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று பருவம் படித்தால் சரியாக அடுத்த வருடம் டிசம்பரில் முடியும். ஒரு தேர்வு தவறினாலும் மே மாதம் ஆகிவிடும்.

முதல் வாரமே அவள் பேராசிரியர் ஃபிட்ச்சின் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். பாடம், அமெரிக்கத் தொழிலாளர் பண்பாடு.

கார்னீலியஸ் ஃபிட்ச் நல்ல மனிதர். கட்டடத் தொழிலாளிகள் போடும் முரட்டு மேல்சட்டையைத்தான் எப்போதும் போடுவார். ஒவ்வொரு வருடமும் புதிது வாங்குவார். பதினேழு வருடத்துக்கு முன் கார்விக்கின் துணி துவைக்கும் இயந்திரத் தொழிற்சாலையில் பதினோரு வாரம் நடந்த வேலைநிறுத்தம்தான் அவருடைய வாழ்க்கை. அதைப் பற்றி நானூறு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அந்தப் பதினோரு வாரமும் அவர் பாஸ்டனில் இருந்தார்.

வகுப்பில் அந்தப் புத்தகத்தின் அட்டைப்படத்தைத் திரையில் காட்டினார். நான் கதவோரம் புரொஜெக்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். விட்டால் படம் அணைந்துவிடும்.

படத்தில் பனி கொட்டுகிறது. எரியும் தகரப் பீப்பாய்க்குப் பக்கத்தில் கம்பளிக் குல்லா போட்ட பெண் ஒருத்தி, வாயைத் திறந்தபடி, இரண்டு விரலை உயர்த்திக் காட்டுகிறாள்.

"இந்தப் பொண்ணு யாருன்னு நமக்குத் தெரியாது" என்றார் ஃபிட்ச். "தெரியாம இருக்கறதுதான் இவங்களோட சக்தி. ரெண்டு விரல். ஏன் ரெண்டு? வெற்றியா? சமாதானமா? இல்ல, தொழிலாளின்னும் தாய்ன்னும் ரெண்டா பிளந்துபோன ஒரு தன்னிலையா? பத்து வருஷமா அறிஞர்கள் ரெண்டு கட்சியா நிக்கறாங்க. நான் என் புத்தகத்துல நாப்பத்துநாலு பக்கம் இதுக்கே ஒதுக்கியிருக்கேன்."

நோரீன் கையை உயர்த்தினாள்.

"சார், அது டோனட்."

"என்னது?"

"ரெண்டு டோனட். என் வீட்டுக்காரர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாரு. பேக்கரிக்குப் போறேன், உனக்கு எத்தனன்னு கத்துனாரு. நான் ரெண்டுன்னேன். அது நான்தான் சார். அந்தக் குல்லா இன்னும் வீட்ல கெடக்கு."

ஃபிட்ச் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தையே நம்பலாம் என்று முடிவு செய்தார்.

"சுவாரசியமான வாசிப்பு" என்றார். "இதுக்கு ஆதாரம் என்ன வெச்சிருக்கீங்க?"

"நான்தான் சார்."

"அதுதான் சிக்கல். நீங்க ரொம்பப் பக்கத்துல நிக்கறீங்க."

முதல் கட்டுரைக்கு அவளுக்குச் சி கிரேடு கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'உணர்வு இருக்கிறது. மேற்கோள் இல்லை. தான் அங்கே இருந்ததாக ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வது வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது.'

கட்டுரையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். "மேவிஸ், நான் நின்ன எடத்துல நான் நின்னேன்னு சொல்ல யார மேற்கோள் காட்டணும்?"

"அவரோட புத்தகத்த."

"அதுல நான் ஒரு வார்த்தகூடப் பேசலயே."

நான் புத்தகத்தைப் புரட்டினேன். "நூத்திப் பன்னண்டாம் பக்கத்துல நீங்க மௌனமா இருக்கீங்க. அதப் போடுங்க."

அடுத்த கட்டுரையில் போட்டாள். 'அன்று நான் மௌனமாக இருந்தேன் (ஃபிட்ச், ப. 112).' கட்டுரைக்குப் பி கிடைத்தது.

அடுத்த இலையுதிர் காலத்தில், பட்டத்துக்கான ஆய்வேட்டை அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றியே எழுதப்போவதாக நோரீன் சொன்னபோது, துறைக்கு மெல்ல விஷயம் உறைத்தது. குல்லாவை ஒருநாள் கொண்டுவந்து காட்டினாள். ஃபிட்ச் அதைப் படத்தோடு வைத்து உருப்பெருக்கியால் பார்த்தார். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து எழுந்து வந்தபோது சந்தோஷமாக இருந்தார். அவருக்கு இன்னொரு புத்தகம் கிடைத்துவிட்டது.

துறைத்தலைவர் டாக்டர் மெரிடித் லாஷ்லி அவசரக் கூட்டம் கூட்டினார். நோரீன் இனி வெறும் மாணவி இல்லை, முதன்மைச் சான்று என்று கூட்டம் தீர்மானித்தது. முதன்மைச் சான்றோடு யார், எப்போது, எப்படிப் பேசலாம் என்பதற்கு விதிகள் உண்டு. ஆகவே மனிதப் பங்கேற்பாளர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மிஸ்டர் ஓக்ஸ் வந்தார். அதற்கு முன்பு அவர் ஆய்வுக்கூட எலிகள் பிரிவில் இருந்தவர். எலிகள் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை என்று அடிக்கடி சொல்வார்.

அன்றிலிருந்து வகுப்பில் நோரீனுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி காலியாக விடப்பட்டது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்காமல் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேனா இருக்கிறதா என்று கேட்ட ஒரு பெண்ணை ஓக்ஸ் கூப்பிட்டு விசாரித்தார்.

ஆய்வேட்டுக்கு நோரீன் தன் நினைவிலிருந்து எழுத வேண்டும். அதாவது, ஆய்வாளர் நோரீன் பங்கேற்பாளர் நோரீனைப் பேட்டி காண வேண்டும். அதற்குப் பதினான்கு பக்கப் படிவம். என் அலுவலகத்தில்தான் நிரப்பினார்கள்.

"ஆய்வாளர் கையெழுத்து இங்க. பங்கேற்பாளர் கையெழுத்து அங்க" என்றார் ஓக்ஸ்.

"ரெண்டும் நான்தாங்க."

"அப்ப ரெண்டு கலர் பேனா வெச்சுக்கறது நல்லது. அடுத்தது, பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு ஆய்வாளர் பங்கேற்பாளர்கிட்ட வாயால சொல்லணும். சாட்சி முன்னால."

நோரீன் என்னைப் பார்த்தாள். நான் சாட்சிக்கான பேனாவை எடுத்தேன்.

"நோரீன்" என்றாள் நோரீன், என் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து. "உனக்குப் பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போயிட்டே இரு."

"புரிஞ்சுதான்னு கேக்கணும்."

"புரிஞ்சுதாடி?"

ஜன்னலிலிருந்து ஓக்ஸ் பக்கம் திரும்பினாள். "புரியல. ரெண்டு பேருக்குமே புரியல."

ஓக்ஸ் அதை 'ஆம்' என்று குறித்துக்கொண்டார். முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன் பதினான்கு நாள் இடைவெளி விட வேண்டும் என்றார். மனம் மாறிவிட்டால் என்ன செய்வது? அதற்குத்தான். கேள்விகள் மனத்தைப் புண்படுத்தினால் கூப்பிட ஒரு மனநல ஆலோசகரின் எண்ணையும் அவள் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டாள்.

அந்தப் பதினான்கு நாளுக்குள் கோட்டு போயிற்று.

டாக்டர் லாஷ்லி ஒரு கண்காட்சி வைத்தார். 'மக்களின் வரலாறு'. வேலைநிறுத்தத்தின்போது நோரீன் போட்டிருந்த தொழிற்சங்கக் கோட்டை இரண்டு வாரம் இரவலாகக் கேட்டார். பச்சைக் கோட்டு, உள்ளே கம்பளி, முதுகில் சங்கத்தின் எண். அவளிடம் இருந்த ஒரே குளிர்காலக் கோட்டு அதுதான். அக்டோபரில் வெயில் அடித்தது. கொடுத்தாள். இரவல் படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில் அது நிரந்தர நன்கொடை என்று இருந்ததை அவள் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. தட்டச்சு செய்தது நான்தான்.

திறப்பு விழாவுக்கு ஐம்பது பேர் வந்தார்கள். லாஷ்லி பேசினார்.

"சாதாரண மக்கள வரலாற்றோட நடுவுல வைக்கணும்னுதான் இந்தத் துறையே ஆரம்பிச்சோம். ஒருத்தர நடுவுல வெச்சா நாம சுத்தி நிக்கணும். சுத்தி நிக்கறவங்களுக்கு நல்லாத் தெரியணும்னா, நடுவுல இருக்கறவங்க கொஞ்சம் அசையாம இருக்கணும். அவங்க அசைஞ்சுக்கிட்டே இருந்த காலத்துல நம்மால ஒண்ணும் எழுத முடியல. இப்பதான் முடியுது. தொழிற்சாலைய மூடினவங்களுக்குக்கூட ஒரு வகையில நன்றி சொல்லணும். இன்னிக்கு நோரீன் ஸ்டுப்கா நம்ம நடுவுல இருக்காங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கை காட்டியது கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய கோட்டை. நோரீன் பின்வரிசையில் பாலாடைக்கட்டித் தட்டோடு நின்றிருந்தாள். சரித்திரப் பேராசிரியர் ஒருவர் தன் காலித் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, "காபி இன்னும் வரலயேம்மா" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் தட்டை நீட்டினார்கள்.

தகராறு செய்யாமல் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே டீட்ரா பேங்க்ஸ் இருந்தாள். பதினான்கு வருடமாகப் பல்கலைக்கழகத்தின் கேன்டீனில் பரிமாறுபவள்.

"நீ யாரு, புதுசா சேந்தியா?" என்றாள் டீட்ரா.

"இல்ல. நான்தான் இன்னிக்கு விருந்தாளி."

டீட்ரா சிரித்த சிரிப்பு கூடம் வரைக்கும் கேட்டது. இரண்டு பேரும் அன்று பாத்திரம் கழுவி முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். டீட்ராவுக்கு ஒப்புதல் படிவம் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

நவம்பரில் குளிர் வந்ததும் நோரீன் கோட்டைத் திருப்பிக் கேட்க, கண்காட்சி முடிந்து அது போய்ச் சேர்ந்திருந்த பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். கணவன் வென்டலும் கூடப் போனான். லாரி மெக்கானிக், பெரிய உருவம், மெல்லப் பேசத் தெரியாதவன். காப்பக அதிகாரி இருவருக்கும் வெள்ளைக் கையுறை கொடுத்தார். செவ்வாய், வியாழன் இரண்டிலிருந்து நான்கு மணி வரை பார்க்கலாம். பென்சில் மட்டும் அனுமதி. போட்டுப் பார்க்கக் கூடாது.

"யோவ், அது என் பொண்டாட்டி கோட்டுய்யா."

"இல்லைங்க. அது சேகரிப்பு நாப்பத்தொண்ணு."

"சரி, பாக்கெட்டுல எங்க வண்டிச் சாவி இருக்கு. அதையாவது குடு."

அதிகாரி பட்டியலைப் பார்த்தார். "ஆமா, இருக்கு. 'உலோகச் சாவி ஒன்று. பயன்பாடு தெரியவில்லை.'"

"பயன்பாடு தெரியலயா? அந்த ஜன்னல் வழியா எட்டிப் பாரு. செவப்பு பிக்கப் நிக்குதா? அதான்யா பயன்பாடு!"

"பொருள எடுத்தா சேகரிப்போட முழுமை கெட்டுடுங்க. வேணும்னா நீங்க சொல்றத ஒரு வாசகர் குறிப்பா சேத்துக்கறேன்."

வென்டல் மாற்றுச் சாவியால் வண்டியை எடுத்தான். நோரீன் அந்தக் குளிர்காலம் முழுக்க அவனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். கை விரல் வெளியே தெரியாது.

இதற்கிடையில் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். தன்னைத் தானே பேட்டி எடுத்தாள். பேட்டிகளுக்கு வென்டல் சூப் கொண்டுவந்து வைத்தான் என்றும், அதனால் பதில்கள் பாதிக்கப்படவில்லை என்றும் அடிக்குறிப்பு போட்டாள். தொண்ணூறு பக்கம் ஆயிற்று. நான் முழுவதும் படித்தேன். அந்தத் துறையில் வேறு எதையும் நான் முழுவதும் படித்ததில்லை.

வாய்மொழித் தேர்வு டிசம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணிக்கு. ஆய்வேடு ஏற்கப்பட்டதற்கான படிவத்தை அன்று நான்கு மணிக்குள் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அன்றே மூன்று மணிக்குத் துறையின் மாநாடு, 'ஒற்றுமை: நேற்றும் இன்றும்'.

புதன்கிழமை காலை கேன்டீன் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பெரிய வாசலில் அட்டைகளோடு நின்றார்கள்.

டாக்டர் லாஷ்லி துறையைக் கூட்டினார். ஆதரவு அறிக்கை ஒன்றைத் தயாரிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. 'ஆதரிக்கிறோம்' என்ற சொல் அதிகாரத் தொனியில் இருக்கிறது என்றார் ஒருவர். 'உடன் நிற்கிறோம்' என்பது நிற்க முடியாதவர்களை விலக்குகிறது என்றார் இன்னொருவர். கடைசியில், 'இந்த வேலைநிறுத்தத்தோடு எங்களுக்கு ஒரு உறவு இருக்கிறது' என்று முடிவாயிற்று. நான் நகலெடுத்தேன். பிறகு ஊழியர்களின் வரிசையைத் தாண்டுவது கொள்கைக்கு விரோதம் என்பதால், எல்லோரும் குப்பை வண்டி வரும் பின்வாசலால் போய்வரத் தொடங்கினார்கள்.

"நான் அவங்க பக்கம்தான் மேவிஸ்" என்றார் ஃபிட்ச், காலணியிலிருந்து முட்டைக்கோஸ் இலையைத் தட்டிவிட்டபடி. "ஆனா வெள்ளிக்கிழம கட்டுர வாசிக்கணுமே."

நானும் பின்வாசலால்தான் போனேன். மூன்று நாளும். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு என் தொலைபேசி அடித்தது.

"மேவிஸ், நான் பெரிய கேட்டுக்கு வெளிய நிக்கறேன். உள்ள வரமாட்டேன்."

"நோரீன், பன்னண்டு மணிக்குத் தேர்வு. பின்னால ஒரு வாசல் இருக்கு."

"தெரியும்."

"இன்னிக்கு விட்டா மே மாசம். ஸ்கூல்ல அதுவர வெச்சிருக்கமாட்டாங்க."

"அதுவும் தெரியும். இங்க டீட்ரா நிக்கறா. எந்தப் பக்கமா உள்ள வந்தாலும் அவ மூஞ்சிதான் எனக்குத் தெரியும். நீயே சொல்லு, என்ன பண்ணட்டும்?"

ரிசீவரை வைத்துவிட்டு, விதிப்புத்தகத்தை எடுத்தேன். அதில் அறுபது விதிகளை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். கால் மணி நேரத்தில் ஒன்று அகப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு லாஷ்லியின் அறைக்குப் போனேன். ஃபிட்ச்சும் அங்கேதான் இருந்தார்.

"தேர்வு வளாகத்துக்குள்ளதான் நடக்கணும்" என்றார் லாஷ்லி. "விதி தெளிவா இருக்கு. வருத்தமா இருக்கு, ஆனா தெளிவா இருக்கு."

"ஏழாம் பிரிவு டாக்டர். தொலைதூரக் கல்வி. மாணவர் வளாகத்துக்கு வெளிய இருக்கலாம். பரீட்சை வைக்கறவங்க உள்ள இருக்கணும். அவங்களுக்கு மாணவரோட குரல் கேக்கணும்."

"தொலைதூரம்னா எவ்வளவு தூரம்?"

"குறைஞ்சபட்சம்னு ஒண்ணும் போடலைங்க."

அவர் இரண்டு தடவை படித்தார். விதியில் இருந்தால் அவருக்கு எதுவும் சரிதான். பன்னிரண்டு மணிக்குப் பனி தூறத் தொடங்கியபோது, லாஷ்லியும் ஃபிட்ச்சும் வாசலுக்கு உட்புறம் இரண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில் கோப்போடு நின்றேன். ஓக்ஸ் குடை பிடித்தார். ஏழு அடி தள்ளி, வெளியே, வென்டலின் கோட்டுக்குள் நோரீன். அவளுக்குப் பின்னால் பதினேழு கேன்டீன் ஊழியர்கள். டீட்ரா அவள் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தாள்.

"முதல் கேள்வி" என்றார் லாஷ்லி. "ஒற்றுமைங்கற கருத்தாக்கத்தோட எல்லை எதுன்னு நெனைக்கறீங்க?"

"இந்தக் கேட்டுதாங்க" என்றது ஒலிபெருக்கி.

பதினேழு பேரும் ஆரவாரம் செய்தார்கள். அவர்களிடம் ஒப்புதல் வாங்கவில்லை, ஆகவே கைதட்டலைக் குறிப்பில் சேர்க்கக் கூடாது என்றார் ஓக்ஸ். நான் சேர்த்தேன்.

லாஷ்லி இரண்டு மணி நேரத்தில் இன்னும் நான்கு கேள்வி கேட்டார். நோரீன் எதற்கும் திணறவில்லை. ஆண்டு, பெயர், தீர்மானம், பக்க எண் எல்லாம் சொன்னாள். கடைசியாக ஃபிட்ச்சின் முறை. அவர் எழுதிவைத்திருந்த கேள்விகளை மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

"இப்படி வரிசையில நிக்கறப்ப, மனசுல என்ன ஓடும்?" என்று கேட்டார்.

நோரீன் ஒலிபெருக்கியை இறக்கினாள். ஏழு அடிக்கு அது தேவைப்படவில்லை.

"கால் மரத்துப்போச்சேன்னு ஓடும் சார். பாத்ரூம் எங்க போறதுன்னு ஓடும். இந்த ஆட்டமே வேணாம், வீட்டுக்குப் போயிடலாமான்னு ஓடும். பக்கத்துல நிக்கறவளும் அதயேதான் நெனைக்கறான்னு தெரியும். அவ போகமாட்டா. அவ போகாததால நானும் போகமாட்டேன். நான் போகாததாலதான் அவ நிக்கறாளோ என்னமோ, அது எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் சார். வேற பெருசா ஒண்ணும் இல்ல."

பிறகு லாஷ்லி பேனாவால் பல்லைத் தட்டியபடி கேட்டார், "இதுக்கு ஆதாரம்?"

"பின்னால நிக்குதுங்க. பதினேழு பேரு."

ஃபிட்ச் எழுந்தார். நாற்காலியை மடக்கி மதிலில் சாய்த்தார். வாசலைத் தாண்டி வெளியே நடந்தார்.

"கார்னீலியஸ்! எங்க போறீங்க?"

"மேற்கோள சரிபாக்கப் போறேன்."

போனவர் திரும்பவில்லை. நான் படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். என் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். வளாகத்துக்கு வெளியே போட்ட பரீட்சகர் கையெழுத்து செல்லுமா என்று லாஷ்லி உள்ளிருந்து கேட்டார். விதிகளில் அதைத் தடுக்கும் வரி எதுவும் இல்லை என்றேன். தேடிப் பார்க்க அவருக்கு மனமில்லை, நல்ல குளிர். படிவத்தைக் கேட்டின் கம்பி வழியாக நீட்டினேன். தேர்ச்சி, பி என்று எழுதி, யோசித்து, பக்கத்தில் ஒரு கழித்தல் குறி போட்டுக் கையெழுத்திட்டார்.

"இந்தாங்க மேவிஸ், பதிவாளர் ஆபீஸ்ல குடுத்துடுங்க."

நான் கையை நீட்டவில்லை. அப்போதுதான் கவனித்தேன், நான் நின்றது வாசலுக்கு வெளியே. மூன்று நாள் பின்வாசலால் போனவளுக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் டீட்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் மறுபடி உள்ளே போக முடியவில்லை.

"நீங்களே குடுத்துடுங்க டாக்டர்."

"நானா? அந்த ஆபீஸ் எங்க இருக்கு?"

அவர் துறைத்தலைவராகிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. கடிகாரக் கோபுரத்துக்குப் பின்னால், மஞ்சள் கட்டடம், இரண்டாவது மாடி என்று சொன்னேன். லாஷ்லி படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பனிக்குள் நடந்தார். கோபுரத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டியவர் வலது பக்கம் திரும்பினார். நோரீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "லெஃப்ட்டு! டாக்டர், லெஃப்ட்டு!" என்று ஒலிபெருக்கியில் கத்தினாள். பிறகு பதினேழு பேரும் கத்தினார்கள். அவருக்குக் கேட்கவில்லை.

மூன்று மணி ஆயிற்று. மாநாடு தொடங்கியிருக்க வேண்டும். மூன்றரை. நோரீன் கோட்டுக் கைக்குள் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள். நான்கு மணி ஆனதைக் கோபுரம் அடித்துச் சொன்னது. அதற்கப்புறம்தான் லாஷ்லி வந்தார். தலையெல்லாம் பனி, ஒரு காலணி நனைந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களிப்பை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

"குடுத்துட்டேன்! நாலு நிமிஷம் இருக்கறப்ப குடுத்துட்டேன். மூணு பேரக் கேட்டுக் கண்டுபிடிச்சேன். அங்க வரிசையில நிக்க வெக்கறாங்க மேவிஸ், உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

நோரீன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிந்தது, ஊழியர்கள் கேட்டது கிடைத்தது. ஜனவரியில் நோரீன் பள்ளி நூலகத்தில் நிரந்தரமானாள். கோட்டு காப்பகத்திலேயே இருக்கிறது. அந்த மாநாட்டில் பேச்சாளர்கள் ஆறு பேரும் கேட்பவர்கள் நான்கு பேரும் இருந்ததாகச் சொன்னார்கள். என்னிடம் பல்கலைக்கழகம் விளக்கம் கேட்டது. பதினொரு பக்கத்தில் கொடுத்தேன். அதைப் படிக்க ஒரு குழு அமைத்திருக்கிறார்கள், ஆகவே எனக்குக் கவலையில்லை.

ஆனால் அன்று, லாஷ்லி மாநாட்டுக்கு ஓடிய பிறகு, ஃபிட்ச் இன்னும் வெளியேதான் நின்றிருந்தார். டீட்ரா அவர் கையில் ஒரு அட்டையைக் கொடுத்திருந்தாள். அவர் அதைத் திருப்பிப் படித்துப் பார்த்தார்.

"உங்க கோரிக்கைதான் என்ன?" என்று அவளிடம் கேட்டார்.

"அடுத்த வாரம் எந்த நாள் வேலைன்னு இந்த வாரமே சொல்லணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"பதினாலு வருஷமா உங்களுக்கு சூப் ஊத்தறேன் புரொபசர். ஒருநாள் கேட்டிருக்கலாம்ல?"

ஃபிட்ச் அட்டையை நேராகப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார். நாலரை மணிக்குக் காற்று திசை மாறி அடித்தது. எல்லோரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டோம்.